காதைத் தொடும் பரீட்சை

மே 16, ஞாயிறு

கத்திரி வெயில். ஐயம்பேட்டையில் பஸ் ஏறும்போது அரைவேக்காடு, காஞ்சிபுரத்தில் இறங்கும்போது முழுவேக்காடு. கையில் ஒரு பை, ஒரு தலையணை, இந்த டைரி. அடுத்தவர் வீட்டுத் தலையணையில் எனக்குத் தூக்கம் வராது. இதைச் சொன்னால் ஜமீன்தாரிணி என்கிறார்கள். டைரி ஜவுளிக்கடை இனாம், போன வருஷத்துடையது. கிழமைகளை அடித்து அடித்துத் திருத்திக்கொள்கிறேன்.

வந்த காரியம்: தங்கை கமலாவின் பெண் மல்லிகாவைப் பள்ளிக்கூடத்துக்குத் தயார் செய்வது. ஜூனில் பேபி கிளாஸ். 31ஆம் தேதி கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். டீச்சர் கேள்வி கேட்பாராம். கமலா பள்ளிக்கூட வாசலே மிதிக்காதவள். நான் எட்டாவது வரை. ஆகவே இந்தக் குடும்பத்தில் படிப்பாளி என்றால் நான்தான், எவ்வளவு பரிதாபமான குடும்பம்.

என் வீட்டுக்காரர் பஸ் ஏற்றிவிட்டபோது அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பதினைந்து நாள் ஓட்டல் இட்லி, என் பேச்சு இல்லை. எங்கள் தெருவில் எனக்கு ரேடியோ என்று பெயர். ஒரு சங்கதி என்னிடம் வந்தால் சாதம் வடிப்பதற்குள் தெருக்கோடி போய்ச் சேர்ந்துவிடும். மறுப்பதற்கில்லை.

மல்லிகா ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். போன தீபாவளிக்கு வாய் ஓயாத குழந்தை. இன்று ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணாந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாடி, பெரியம்மா மூஞ்சில பூச்சி ஊருதா?"

சிரித்தாள். பதில் இல்லை. வெட்கம் போலிருக்கிறது. இந்த வம்சத்தில் வெட்கமா. ஆச்சரியம்.

மே 17, திங்கள்

வாங்கியவை: சிலேட்டு, பலப்பம் ஒரு பெட்டி, சின்னத் தகரப் பெட்டி (மூடியில் மயில், மயிலுக்கு ஒரு கால்தான், மற்றதை அச்சடிக்க மறந்துவிட்டார்கள்), சட்டைத் துணி, சிவப்பு ரிப்பன். ரிப்பன் அகலமாக வேண்டும் என்று கமலா மூன்று கடை ஏறி இறங்கினாள். "இவ்ளோ அகலம் குதிரைக்குத்தான்டி கட்டுவாங்க" என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எதிர்வீட்டுப் பட்டம்மா வந்தாள். அவள் மகன் போன வருஷம் அதே பள்ளிக்கூடத்தில் சேர்ந்தவன். என் தொழிலில் இந்தத் தெருவுக்கு அவள்தான் பொறுப்பு, ஆகவே பார்த்த மாத்திரத்தில் சிநேகம். அவள் சொன்ன முக்கியமான சேதி: கேள்வியெல்லாம் சும்மா. அசல் பரீட்சை காதுதான். பிறந்த தேதிக்கு யார் வீட்டில் சர்டிபிகேட் இருக்கிறது. வலது கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் வயசு ஆயிற்று, உள்ளே வா. எட்டாவிட்டால் அடுத்த வருஷம் வா.

நானும் தொட்டுப் பார்த்தேன். எட்டியது. நடுவில் கொண்டை இடித்தது. எனக்கு வயசு ஆகிவிட்டது, சந்தேகமில்லை.

மல்லிகாவுக்குச் செய்து காட்டினேன். உடனே புரிந்துகொண்டாள். கை தலையைச் சுற்றி வந்தது, விரல் காதருகே வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. எட்டாமல் இல்லை. தொடாமல் நிற்கிறது. "இன்னும் கொஞ்சம்டி கண்ணு" என்று நான் கையைப் பிடித்து அழுத்தினேன். ஒரு கத்து. ஓடிப்போய் அரிசிப் பானைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

கமலா அடுப்பை விட்டு ஓடி வந்தாள்.

"உடுக்கா. தொடுவா. நான் பாத்துக்கிறேன்."

"அழுத்தக்கூட இல்லடி."

"உடுன்றேன் இல்ல."

பிடிவாதம் அம்மாவிடமிருந்து வந்தது என்று தெரிகிறது.

மே 19, புதன்

இரண்டு நாளாகக் காற்றே இல்லை. முன்கூடம் முழுக்கத் தறி. கமலாவின் வீட்டுக்காரர், எங்கள் மாப்பிள்ளை, விடிந்ததும் தறிக்குழியில் இறங்கினால் இருட்டும்வரை தறியின் சத்தம்தான். இந்த வீடு மட்டுமல்ல, தெரு முழுக்க. ஆளுக்கு ஆள் கையைக் காட்டி, வாயை அசைத்து, புருவத்தைத் தூக்கிப் பேசிக்கொள்கிறார்கள். இங்கே ரகசியம் பேசுவது சுலபம். கத்திப் பேசினாலும் அடுத்த ஆளுக்குக் கேட்காது. என் போன்றவர்களுக்குப் பிழைப்பே இல்லாத தெரு.

புடவையின் உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால் கோர்வை போட வேண்டும். நெய்கிறவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நூலைக் கொண்டுபோகும் நாடாவைத் தள்ள வேண்டும். மல்லிகா மாப்பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவர் கண் ஒரு பக்கம் போனால் இவள் கை அந்தப் பக்கம் போகிறது. நூல் சுற்றிய தாரை எடுத்து நீட்டுகிறாள். நிறம் தப்பவில்லை.

மாப்பிள்ளைக்குப் பெருமை தாங்கவில்லை. தறியை நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னார்.

"பாத்தீங்களாக்கா. நான் வாயே தொறக்கல. மூஞ்சியப் பாத்தே புரிஞ்சிக்கிறா. பெரிய பெரிய ஆளுங்களுக்கே தொண்ட கிழியக் கத்தணும். இவளுக்கு ஒரு பேச்சு வேணாம்."

"அப்ப பள்ளிக்கூடம்?"

"எடுத்துக்கினா போவட்டும்கா. நான் ஒண்ணும் குறுக்க நிக்கல. எடுத்துக்கலைன்னா அழக்கூடாதுன்னு உங்க தங்கச்சியாண்ட சொல்லிட்டேன். ரெண்டு வருஷத்துல கோர்வைக்கு உக்கார வெச்சிடுவேன். இந்தக் கை வீணாவக் கூடாது."

நல்ல மனுஷர். குடி இல்லை, சீட்டு இல்லை. பெண்ணுக்குத் தன் தட்டிலிருந்துதான் முதல் கவளம். அவர் பேசிக்கொண்டிருந்தபோது சமையலறையில் அம்மி நின்றது. அவர் தறியை மறுபடி ஓட்டியதும் அம்மியும் ஓடியது.

பின்னாலிருந்து மூன்று தரம் "மல்லி" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. என் குரலுக்கு லாரி ஒதுங்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். தறியிடம் தோற்றுவிட்டேன் என்று எடுத்துக்கொண்டேன்.

மே 21, வெள்ளி

மாலை அம்மன் கோயில். பட்டம்மாவும் வந்தாள். வழியெல்லாம் பேச்சு: யார் வீட்டில் நிச்சயம் நின்றது, யார் மருமகள் ஏனாத்தூருக்குக் கோபித்துக்கொண்டு போனாள். அருமையான மாலை.

சன்னிதித் தெருவில் கோயில் யானை வந்தது. பின்னாலிருந்து. கழுத்து மணி அடித்துக்கொண்டே. பாகன் வேறு கத்திக்கொண்டு வந்தான். எல்லாரும் இரண்டு பக்கமும் ஒதுங்கினோம். மல்லிகா நடுத்தெருவில் நின்று பலூன்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யானை அவள் முதுகுக்கு வந்துவிட்டது. நான் பாய்ந்து இழுத்தேன். யானையின் கால் அவள் நின்ற இடத்தில் பதிந்தது. அப்போதுதான் அவள் நிமிர்ந்து யானையைப் பார்த்தாள். பார்த்த பிறகு நடுங்கினாள். பார்க்கும்வரை இல்லை.

பட்டம்மா: "பொட்டச்சிக்கு இன்னா தைரியம் பாரேன்மா."

நானும் ஆமாம் என்றேன்.

வீடு வரும்வரை தூக்கிக்கொண்டு வந்தேன். தலையில் கனகாம்பரம், தேங்காய் எண்ணெய். அதற்கு அடியில் இன்னொரு வாடை. ஊறப்போட்டு மறந்துபோன அரிசி மாதிரி. சாக்கடை என்று நினைத்தேன். சாக்கடை தாண்டிய பிறகும் இருந்தது.

கமலா தினமும் இரண்டு காதையும் மூடித்தான் பின்னுகிறாள். அதன் மேல் அந்த அகல ரிப்பன். "இதுதான்கா இப்ப மாடல்" என்கிறாள். இந்தத் தெருவில் வேறு எந்தக் குழந்தைக்கும் இந்த மாடல் வரவில்லை.

இதற்கு மேல் எழுத இன்று மனசில்லை.

மே 24, திங்கள். அமாவாசை

அமாவாசையன்று இங்கே தறி ஓட்டமாட்டார்கள். தெரு அடங்கிப்போய் இருக்கிறது. காக்கை காலை வைப்பதுகூடக் கேட்கிறது. இத்தனை நாள் சத்தம் பழகிய காதுக்கு இந்த அமைதி ஏதோ துஷ்டி வீடு மாதிரி. மாப்பிள்ளை முழுக்குப் போட்டுவிட்டு, யாரையோ பார்க்கக் கிளம்பிப் போனார்.

மல்லிகா சுவரைப் பார்த்து உட்கார்ந்து சிலேட்டில் 'அ' எழுதிக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டேன். சாதாரணமாகக் கூப்பிட்டேன். பிறகு என் குரலில் கூப்பிட்டேன். 'அ'வுக்கு வால் போட்டுக்கொண்டிருந்தாள்.

பித்தளைத் தாம்பாளத்தை எடுத்தேன். போட்டேன்.

எதிர்வீட்டிலிருந்து பட்டம்மா: "இன்னாமா உழுந்துச்சு அங்க?"

மல்லிகா பலப்பத்தை எச்சில் தொட்டு அடுத்த 'அ' ஆரம்பித்தாள்.

கமலா ஈரக்கையோடு வந்தாள். தாம்பாளத்தை எடுத்து, முந்தானையில் துடைத்து, இருந்த இடத்தில் வைத்தாள். வாசல் பக்கம் பார்த்து, "ஒண்ணும் இல்லக்கா, கை தவறிடுச்சு" என்று பட்டம்மாவுக்குச் சொன்னாள். பிறகு என்னிடம்,

"நானும் போட்டுப் பாத்தாச்சு. குண்டான். பொங்கலப்போ."

உட்கார்ந்துவிட்டேன்.

அவள் சொன்னது: மார்கழியில் ஒரு ஜுரம். விட்டதும் இடது காதில் தண்ணீர். பிறகு சீழ். பிறகு வலது காதிலும் கொஞ்சம். தென்னேரியிலிருந்து வரும் கம்பவுண்டரிடம் திருட்டுத்தனமாகக் காட்டி ஒரு சொட்டு மருந்து. நின்றது. மறுபடி வந்தது. குழந்தை தானாகவே முகம் பார்த்துப் பழகிக்கொண்டது.

"மாப்பிள்ளைக்கு?"

"தறி ஓடுற வீட்ல யாருக்குக்கா தெரியப்போவுது? புள்ள புத்திசாலின்னு நெனச்சிக்கினு கீறாரு."

"சொல்ல வேண்டியதுதானேடி. பெத்த அப்பன்."

"சொன்னா வெட்டிக் கொல்லவா போறாரு? இல்ல. மெட்ராஸ் கூட்டிக்கினு போவாரு, காட்டுவாரு. அப்பறம்? காது கேக்காத பொண்ணுக்கு இன்னாத்துக்கு ஸ்கூலுன்னு பக்கத்துல உக்கார வெச்சிப்பாரு. தறிக்குக் காதே வேணாமேக்கா. அங்கதான் இவ கெட்டிக்காரி." வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். "ஸ்கூல்லயும் எடுத்துக்க மாட்டாங்க. போன வருஷம் காது ஒழுகுற புள்ளைய வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்களாம். மொதல்ல பேரு எழுதட்டும். எழுதிட்டா அடிக்க மாட்டாங்க. மறுநாளே நான் கூட்டிக்கினு போறேன். ஒரு வாரம்தான்கா."

"ஒரு வாரம்னா..."

"நீ யாராண்டயும் சொல்லக்கூடாது. உன்ன நெனச்சாத்தான் எனக்கு பயம். புள்ள தலைமேல கை வெச்சு சத்தியம் பண்ணு."

வைத்தேன். மல்லிகா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். ஆசீர்வாதம் என்று நினைத்திருப்பாள்.

மே 25, செவ்வாய்

தறி மறுபடி ஓடுகிறது. நல்லதாயிற்று.

ஒரு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் நாக்கு நுனியில் வந்து நிற்கிறது. நாற்பத்தைந்து வயசில் முதல் ரகசியம். பட்டம்மா வாசலில் நின்று, "இன்னாமா மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்றாள். வெயில் என்றேன். "வெயில் எல்லாருக்கும்தான் அடிக்குது" என்றாள். ஒரே தொழில் செய்பவர்களை ஏமாற்ற முடியாது.

கமலா மருந்து போடுவதை இன்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் இரண்டு சொட்டு. பிறகு சீழ் வெளியே வழியாமல் அடைப்பு. பஞ்சு இல்லை. பட்டு நூல். தறியடியில் எப்போதும் கிடக்கும் கழிவு நூலை எடுத்துத் திரி மாதிரி முறுக்கி உள்ளே வைக்கிறாள்.

"பஞ்சு வெய்யக் கூடாதாடி?"

"பஞ்சு தீட்டு புடிக்கும்கா. பட்டுக்குத் தீட்டே கெடையாது. சாமிக்கே அதான கட்றோம்."

நானும் பூசைக்குப் பட்டுதான் கட்டுகிறேன். சரியாகத்தான் பட்டது. தினமும் காலையில் புதுத் திரி. பழையதை எடுத்துவிடுகிறாயா என்று கேட்டேன். "சில நாளு அதுவே உழுந்துடும்" என்றாள். எங்கே என்று கேட்கவில்லை.

மே 27, வியாழன்

பாடம் நன்றாக நடக்கிறது. கேள்விகள்: உன் பேர் என்ன, அப்பா பேர் என்ன, அம்மா பேர் என்ன, எந்தத் தெரு, இது என்ன நிறம். உதட்டைப் பார்த்து எல்லாவற்றுக்கும் பதில். ஆனால் குரல் பானைக்குள்ளிருந்து வருவது மாதிரி. "மய்யிகா" என்கிறாள். தீபாவளிக்கு எங்கள் ஊருக்கு வந்தபோது இவள்தான் எனக்குத் தன் தெருக்காரர்களின் பட்டப் பெயரெல்லாம் சொல்லிக் கொடுத்தவள். வார்த்தைகள் ஓரம் தேய்ந்துகொண்டு வருகின்றன.

ஒரு சிக்கல்: டீச்சர் குனிந்து எழுதிக்கொண்டே கேட்டால்? ஏற்பாடு இது. நான் டீச்சருக்குப் பின்னால் நின்று அதே கேள்வியைச் சத்தமில்லாமல் வாயசைப்பது. சத்தமில்லாமல், நான். என் வீட்டுக்காரர் இதைக் கேட்டால் மாலை வாங்கி வந்து போடுவார்.

ஒத்திகை. கமலா டீச்சர். மூக்குக்கண்ணாடிக்குப் பதில் இரண்டு வளையலைக் கண்ணில் பிடித்துக்கொண்டு, "உன் நேம் இன்னா?" என்று அதட்டினாள். நான் பின்னால் நின்று மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினேன். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கமலா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மல்லிகா என் மடியில் ஏறி, உள்ளங்கையை என் தொண்டையில் வைத்துக்கொண்டாள். "பேசு" என்றாள். பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. பட்டம்மா மருமகள் கதைதான் போலிருக்கிறது. கையை எடுக்கவே இல்லை.

மே 29, சனி

காலையில் பின்னலை அவிழ்த்தபோது பார்த்தேன். இடது காதுக்குப் பின்னால் வீக்கம். பாதி எலுமிச்சம்பழம் அளவு. காதே முன்பக்கம் தள்ளிக்கொண்டு நிற்கிறது. தொட்டால் கொதிக்கிறது. குழந்தை தொடவிடவில்லை.

இன்றைக்கே டாக்டர் என்றேன். நாளை மறுநாள் என்றாள் கமலா.

"அது வீங்கியிருக்குதுடி."

"திங்கக்கிழமை பத்து மணிக்குப் பேரு எழுதறாங்க. பத்தரைக்கு டாக்டராண்ட போலாம். நாளைக்கு ஞாயித்துக்கிழமை, எந்த டாக்டர் கீறாரு? ஒரே ஒரு நாளுதான்கா."

"அதுக்குள்ள எதனா ஆச்சின்னா?"

"அஞ்சு மாசமா ஆவாதது ரெண்டு நாள்ல ஆயிடுமா?"

தறி ஓடியதால் கத்தியே சண்டை போட்டோம். மாப்பிள்ளை குழியிலிருந்து எட்டிப் பார்த்தார். தறியை நிறுத்தினார்.

"அக்காவுக்கும் தங்கச்சிக்கும் இன்னா பஞ்சாயத்து?"

"ரிப்பன் கலரு" என்றாள் கமலா. கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

"செவப்புதான் நல்லாகீது" என்று சொல்லிவிட்டு மறுபடி மிதிக்க ஆரம்பித்தார்.

பிற்பகல் நானே அவருக்குக் காப்பி கொண்டுபோனேன். டம்ளரை வைத்துவிட்டு நின்றேன். எடுத்துக் குடித்தார். நான் போகவில்லை. நாடாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னாக்கா?"

ஊரில் யார் வீட்டு அடுப்படியில் என்ன நடந்தாலும் சொல்லத் தெரிந்தவள் நான்.

"சக்கர போதுமா மாப்ளே?"

"போதும்கா."

அவ்வளவுதான்.

மே 30, ஞாயிறு

ஜுரம். இரண்டு வாய் கஞ்சி, அதுவும் வெளியே வந்துவிட்டது. மாப்பிள்ளையிடம் சூடு என்றோம். வெட்டிவேர்த் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "நாளைக்குக் கூட்டிக்கினு போவணுமா? வேணான்னா உட்டுடு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். கமலா, "காலையில சரியாயிடும்" என்றாள்.

வீட்டைப் பார்த்தால் ஒன்றுமே நடக்காதது மாதிரி இருக்கிறது. பெட்டி தயார், சிலேட்டு தயார், சட்டை இஸ்திரி போட்டு மடித்தாயிற்று.

சாயங்காலம் மாப்பிள்ளை வெளியே போன பிறகு கமலா குழந்தையை எதிரில் உட்கார வைத்துக்கொண்டாள். கையைப் பிடித்துத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காதில் வைத்தாள். குழந்தை முகத்தைச் சுளித்தது. கமலா தன் உதட்டைக் கடித்துக் காட்டினாள், இப்படி. குழந்தையும் கடித்துக்கொண்டது. கை காதில் பட்டது. கத்தவில்லை. வாயில் ஒரு துண்டு வெல்லம். மறுபடி. மறுபடியும் வெல்லம். மூன்றாவது தரம் குழந்தை தானாகவே உதட்டைக் கடித்துக்கொண்டு தானாகவே கையைக் கொண்டுபோயிற்று. வெல்லத்தைத் துப்பிவிட்டது.

நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன். அங்கே ஒரு வேலையும் இல்லை.

மே 31, திங்கள்

காலையில் ஜுரம் குறைந்தது போலிருந்தது. கமலா முகம் கழுவி, பவுடர் போட்டு, பின்னி, ரிப்பன் கட்டினாள். ரிப்பனுக்கு மேல் பூச்சரம் இரண்டு வரி. மாப்பிள்ளை தறியை நிறுத்திவிட்டு வெளுத்த வேட்டி சட்டையோடு தானும் வருகிறேன் என்று நின்றார். கமலா பூச்சரத்தை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டாள்.

டீச்சர் சாந்தமானவர். பேர் ஸ்டெல்லா. பனை விசிறியால் விசிறிக்கொண்டே கேட்டார், விசிறி வாயை மறைத்து மறைத்துப் போயிற்று. நான் அவர் நாற்காலிக்குப் பின்னால், சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்ப்பவள் போல நின்று வாயசைத்தேன். பேர். அப்பா பேர். தெரு. நிறம். எல்லாம் சொன்னாள். டீச்சருக்கு "மய்யிகா" பிடித்துப்போய்விட்டது. "மழலை போகல பாருங்க" என்றார்.

பிறகு காது. டீச்சர் தானே செய்து காட்டினார். குழந்தை வலது கையைத் தூக்கிற்று. தலைக்கு மேலாகக் கொண்டு வந்து, பூவுக்குள் விரலை விட்டு, இடது காதைத் தொட்டது. தொட்டதோடு விடவில்லை. டீச்சர் போதும் என்று சொல்கிறவரை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே நின்றது. கீழ் உதடு பல்லுக்கடியில். கண்ணிரண்டும் குளமாகி நின்றது. ஒரு சத்தம் இல்லை.

"எத்தனையோ பிள்ளைங்க வந்துச்சு. ஒண்ணுகூட இப்படி முகத்தைப் பாத்து நிக்கல. ரொம்ப சமத்து. அழுவுற பிள்ளைங்கதான் முன்னாடி உக்காரணும். இவள கடைசி வரிசையில உக்கார வச்சிடலாம். தொந்தரவே இருக்காது."

பேர் எழுதினார். கமலா கைகூப்பினாள்.

வெளியே வந்ததும் குழந்தைக்குக் கால் மடங்கிற்று. மாப்பிள்ளை தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். "உன் பொண்ணு போயிட்டா, இனிமே நானே கத்தணும்" என்று கமலாவிடம் சிரித்தார். தேரடி தாண்டியதும் சிரிப்பு நின்றது. சட்டைத் தோள் நனைந்திருந்தது. வியர்வை என்று துடைத்தார். கையை மூக்கருகே கொண்டுபோனார். குழந்தையை ஒரு கடை நிழலில் இறக்கி, பூவைப் பிய்த்து, ரிப்பனை அவிழ்த்தார். பார்த்தார்.

"எத்தினி நாளா?"

கமலா தரையைப் பார்த்தாள். நான் கடையின் பெயர்ப் பலகையைப் படித்தேன்.

டாக்டர் வீடு. குழந்தையை மாப்பிள்ளையே பிடித்துக்கொண்டார். டாக்டர் மெல்லிய இடுக்கியை உள்ளே விட்டார். ஒரு திரி வந்தது, அரக்கு நிறம். அது இன்று காலை வைத்தது. மறுபடி விட்டார். அதற்குப் பின்னால் இன்னொன்று, மாம்பழ நிறம். கமலா, "நான் வெச்சது ஒண்ணுதாங்க, ஒண்ணுதாங்க" என்றாள். அரித்ததால் குழந்தையே விரலால் உள்ளே தள்ளியிருக்கும் என்றார் டாக்டர். மூன்றாவது கறுத்துப்போய், கெட்டியாக. டாக்டர் அதை வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீரில் அலசினார். பச்சை.

மாப்பிள்ளை கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தப் பச்சை தை மாசம் அறுத்த பொடவ" என்றார். "அதுக்கப்பறம் நம்ம தறியில பச்சை ஏறல."

அவர் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. கமலாவை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. என்னையும்தான்.

டாக்டர்: "காதுக்குப் பின்னாடி எலும்புல ஏறியாச்சு. என்னால ஆகாது. மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரி. இன்னைக்கே. எலும்பைத் தாண்டிட்டா அப்புறம் மூளை."

ஊசி ஒன்று போட்டார். அடுத்த பஸ்ஸில் கிளம்பினோம். பணம் எடுக்க வீட்டுக்கு வந்தபோது வாசலில் பட்டம்மா, "பேரு எழுதிட்டாங்களாமே, சக்கர எங்கமா?" என்றாள்.

ஜூன் 1, செவ்வாய். ஆஸ்பத்திரி

தாழ்வாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

காலையில்தான் டாக்டர் என்றார்கள், ராத்திரி முழுக்கப் பெஞ்சில். பஸ்ஸிலேயே இரண்டு தரம் வாந்தி. விடிந்ததிலிருந்து கண் திறக்கவில்லை. கழுத்தை மடக்க வரவில்லை. கமலா எதிரில் குனிந்து வாயை அசைத்து அசைத்துக் கூப்பிடுகிறாள். கண் மூடியிருக்கிற குழந்தைக்கு வாயசைத்து என்ன. நான் அந்தச் சின்னக் கையை எடுத்து என் தொண்டையில் வைத்துக்கொண்டு பேசிப் பார்த்தேன். கை நழுவிற்று.

மாப்பிள்ளை தூண் பக்கத்தில் நிற்கிறார். காப்பி வாங்கி வந்தேன், வேண்டாம் என்று தலையசைத்தார்.

எட்டரைக்கு டாக்டரம்மா வந்தார். சின்ன வயசு. காதைப் பார்த்தார், கண்ணிமையைத் தூக்கி விளக்கடித்துப் பார்த்தார், நர்சிடம் ஏதோ இங்கிலீஷில் வேகமாகச் சொன்னார். ஸ்ட்ரெச்சர் வந்தது. ஊர் டாக்டர் கொடுத்த சீட்டைப் படித்துவிட்டு எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அஞ்சு மாசம். இத்தனை நாள் என்னதான் பண்ணிட்டு இருந்தீங்க?"

நான் வாயைத் திறந்தேன். மாப்பிள்ளை கமலாவைப் பார்த்தார், நேற்றிலிருந்து முதல் தடவையாக.

கமலா சொன்னாள்:

"ஸ்கூலுக்குத் தயார் பண்ணிக்கினு இருந்தோம்மா."

உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். எங்களைக் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கச் சொன்னார்கள். நிற்கிறோம்.